சராசரிக்குச் செய்த வண்டி

இன்றைய காம்பாக்ட் எஸ்யூவி ஒன்றை முதல் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால், சமதளத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில் போகும். எஞ்சினின் ஐட்லிங் சுழற்சியை கியர் விகிதத்தால் வகுத்தால் வருகிற கணக்கு இது. வண்டிக்கு வண்டி கொஞ்சம் கூடும், குறையும். அதைவிட மெதுவாக நகர வேண்டுமென்றால் நடுவில் ஏதாவது ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். வேறு வழியே கிடையாது.

மனிதன் நடக்கிற வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வாகன வரிசை அதைவிட மெதுவாக நகரும். இரண்டு ஊருக்கும் நடுவே மொத்தமே ஐந்து கிலோமீட்டர்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துபோகிறவர்கள் காருக்குள் இருப்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முந்திப்போவார்கள். அந்த வரிசையில் நகருகிற ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஏதோ ஒன்று ஓயாமல் வழுக்கிக்கொண்டிருக்கிறது, சூடாகிக்கொண்டிருக்கிறது. அந்தச் சூடு எங்கே போகிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? இது காரைப் பற்றிய கேள்வியாகத்தான் எனக்குள் ஆரம்பித்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

(குற்றாலத்தில் வழுக்குவது ஒன்றும் புதிதல்ல. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் சூரியனுடைய தேரையே வழுக்கவிட்டிருக்கிறார். சூரியனுக்கு வாரண்டி பிரச்சினை இருந்ததாகத் தகவல் இல்லை.)

*

மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருளுக்குப் போன லட்சக்கணக்கான பேரில் நானும் ஒருவன். அதனால் கொஞ்சம் இயந்திரம் பேசிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் என்பது இரண்டு மேனுவல் கியர்பாக்ஸ்களை ஒரே பெட்டிக்குள் வைத்தது மாதிரி. 1, 3, 5, 7 ஆகிய கியர்களை ஒரு கிளட்ச் பார்த்துக்கொள்ளும். 2, 4, 6 இன்னொன்றின் பொறுப்பு. நீங்கள் மூன்றில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்கு கோத்துத் தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விலகும் அதே கணத்தில் மற்றது பிடிக்கும். வேகத்தில் துளிகூட இடைவெளி விழாது. அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1930-களின் இறுதியிலேயே இதை யோசித்துவிட்டார். 1980-களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாக சாதாரண மனிதர்கள் வாங்குகிற காருக்கு வந்தது.

அந்த 2003-ன் பெட்டி வெட் கிளட்ச். அதாவது கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தே இருக்கும். உராயும்போது வருகிற சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்க் கூலரில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வரும். ஆனால் எண்ணெயைச் சுற்றவைக்க பம்ப் வேண்டும். எண்ணெய்க்குள் தட்டுகள் சுழல்வதே ஒரு தடைதான். அதற்குக் கொஞ்சம் பெட்ரோல் போகும். எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றவும் வேண்டும்.

2008-ல் அதே கம்பெனி ஏழு கியர் கொண்ட ட்ரை கிளட்ச் பெட்டியைக் கொண்டுவந்தது. சாதாரண மேனுவல் காரில் இருப்பதுபோல, தட்டுகள் காற்றில் இருக்கும். எடை குறைவு, இழப்பு குறைவு, மைலேஜ் கூடுதல். சூடு மட்டும் தட்டிலும் அதைச் சுற்றிய இரும்பிலும் சேர்ந்து, மெதுவாகக் காற்றில் கரைந்தால்தான் உண்டு.

இந்தியாவில் விற்கிற காம்பாக்ட் எஸ்யூவிகளில் இரண்டுமே இருக்கின்றன. க்ரெட்டா, செல்டோஸ் ஆகியவற்றின் டர்போ பெட்ரோல், குஷாக், டைகுன் ஆகியவற்றின் 1.5 லிட்டர் எல்லாம் ட்ரை கிளட்ச். 2023-ல் வந்த புதிய நெக்ஸானின் டூயல் கிளட்ச், வெட்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1,400 கிலோ வண்டி ஒன்று, நூறு அடிக்குப் பத்தடி ஏறுகிற சரிவில் நிற்கிறது என்று வையுங்கள். பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்து வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து வைத்திருக்கிறார் ஓட்டுபவர். வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆகவே எஞ்சின் கிளட்சுக்குக் கொடுக்கிற வேலை முழுக்கச் சூடாக மாறுகிறது. 1,200 சுற்றில் எஞ்சின் ஓடினால் அது ஏறத்தாழ மூன்றரை கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டிகள் மூன்றரையை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவேயான இடத்தில் போட்டு வைத்த மாதிரி. வெட் கிளட்ச் என்றால் எண்ணெய் அதைச் சுமந்துபோகும். ட்ரை கிளட்ச் என்றால், சில நிமிடங்களில் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும்: கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, வண்டியை ஓரம்கட்டு.

*

என் சித்தப்பாவுக்குத் தென்காசியில் கடை. வாரம் ஒருமுறை சரக்கு விஷயமாக செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு தாண்டிப் புனலூர் போய்வருவார். அந்த வழி தெரிந்தவர்களுக்குப் புளியரை எஸ் வளைவைச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்துக்குப் போகிற லாரிகள் வரிசைகட்டி நிற்க, சரிவில் பத்தடி நகர்ந்து, நின்று, மறுபடி பத்தடி நகர வேண்டும். ஓய்வு வயதுக்குப் பக்கத்தில், கால்வலிக்கு நல்லது என்று டூயல் கிளட்ச் எஸ்யூவி ஒன்று வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம்.

இரண்டு வருஷத்தில் ஐந்தாறு முறை அந்த எச்சரிக்கை வந்தது. அப்புறம் முதல் கியரில் வண்டி உதற ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு, “டிரைவிங் ஸ்டைல் சரியில்ல சார், கிளட்ச் தேய்மானப் பொருள், வாரண்டியில வராது” என்றார்கள். முப்பது வருஷம் மேனுவல் வண்டியில் அதே மலை ஏறியவர் அவர். எனக்கு போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏலே, ரோடு அப்படித்தான இருக்கு? நா என்ன பறந்தா போவேன்?”

ஊரில் அவர் வழக்கமாகப் போகிற மெக்கானிக் சொன்னது இதைவிடத் தெளிவு. “அண்ணாச்சி, வண்டி மேல குத்தமில்ல, ஒங்க மேலயும் குத்தமில்ல. இது மதுரை ரோட்டுக்குச் செஞ்ச வண்டி. அவ்ளோதான்.”

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் என் கேள்வி இருக்கிறது. யார் மேலும் குற்றமில்லை என்றால், பணத்தை மட்டும் ஏன் சித்தப்பா கட்டினார்?

*

இந்தியாவில் மைலேஜ் சோதனை நிஜச் சாலையில் நடப்பதில்லை. உருளைமேல் சக்கரத்தை ஏற்றி, குறித்த வரிசையில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து அளக்கிறார்கள். அதன் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அதில் ஏற்றம் இல்லை. இப்படி அளந்து வருகிற எண், தசமப் புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கம் வரை துல்லியமாக விளம்பரத்தில் அச்சாகும். அதைப் பார்த்துத்தான் நாம் வண்டி வாங்குகிறோம், அதைக் கூட்டத்தான் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எண்ணெயை எடுத்துவிட்டால் அந்த எண் கூடும். ட்ரை கிளட்ச் ஒரு சதித்திட்டம் அல்ல. அளக்கப்பட்டதற்குக் கிடைத்த சரியான விடை அது.

நான் வேலை பார்க்கிற துறையில் இதே சங்கதிக்கு வேறு பெயர். ஒரு செயலி சராசரியாக எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்பதை யாரும் பெரிதாக நம்ப மாட்டார்கள். பி99 என்ன என்று கேட்பார்கள்: நூறில் மிக மெதுவான அந்த ஒன்று எவ்வளவு மெது? காரணம் எளிமையானது. ஒரு பக்கம் திறக்க உள்ளுக்குள் நூறு அழைப்புகள் போகிறதென்றால், நூறில் ஒன்றுதான் தாமதம் என்றாலும், அந்தப் பக்கத்தைத் திறப்பவர் ஒரு தாமதத்திலாவது மாட்டுவதற்கு 63 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அரிதானது என்று நாம் ஒதுக்கியது, அடிக்கடி அந்தப் பக்கம் போகிறவருக்கு அன்றாடம் ஆகிவிடும்.

ஆனால் அந்த 63 சதவீதக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. தாமதம் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. பழைய போன் வைத்திருப்பவர், டவர் சரியாக எட்டாத ஊரில் இருப்பவர் என்று மெதுவான அந்த ஒரு சதவீதத்தில் திரும்பத் திரும்ப அதே ஆட்கள்தான் இருப்பார்கள்.

சராசரியைப் பற்றி நான் சொல்ல நினைப்பது இதுதான். சராசரி நியாயமாக இருக்க வேண்டுமென்றால் துரதிர்ஷ்டம் ஊர் ஊராகச் சுற்றிவர வேண்டும். இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உங்களுக்கு என்று மாறி மாறி வந்தால், மொத்தத்தில் எல்லாருக்கும் லாபமானதைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. ஆனால் மலை சுற்றிவராது. புளியரைச் சரிவு என்றைக்கும் புளியரையில்தான் இருக்கும். சராசரியின் லாபம் எங்கெங்கோ பரவுகிறது, அதன் நஷ்டம் ஒரே முகவரிக்கு வந்து சேர்கிறது.

தத்துவத்தில் இதே இடத்தில் ஒரு பழைய சண்டை உண்டு. ஜான் ரால்ஸ் 1971-ல் எழுதிய ‘நீதிக் கோட்பாடு’ நூலில் அறியாமைத் திரை என்ற ஒன்றைக் கற்பனை செய்தார். நீங்கள் யாராகப் பிறப்பீர்கள் என்று தெரியாமல் சமூகத்தின் விதிகளை வகுக்கச் சொன்னால், ஆகக் கீழே இருப்பவரின் நிலையைத்தான் முதலில் பார்ப்பீர்கள் என்றார். பொருளியலாளர் ஜான் ஹர்சானியோ கிட்டத்தட்ட அதே திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு எதிர்முடிவுக்கு வந்தார்: எந்த இடமும் சம வாய்ப்போடு கிடைக்குமென்றால், புத்தியுள்ளவர் சராசரியைத்தான் உயர்த்துவார். திரைக்குப் பின்னால் நிற்கும்வரை இரண்டுமே எனக்குச் சரியாகத்தான் படுகிறது. பிரச்சினை திரை விலகிய பிறகுதான். நாலுவழிச் சாலையில் பிறந்தவர் ஒருபோதும் எஸ் வளைவில் போய் நிற்கப்போவதில்லை. தனக்கு வராது என்று தெரிந்தே ஒருவர் ‘மொத்தத்தில் நல்லதுதானே’ என்று சொன்னால், அது சூதாட்டத் துணிச்சல்கூட இல்லை. மற்றவர் காசில் ஆடுவது.

*

விளிம்பில் இருப்பவருக்கு நஷ்டம் வந்தபின் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பதிவான உதாரணம் உண்டு. ஃபோர்டு கம்பெனி ஃபோகஸ், ஃபியஸ்டா, எகோஸ்போர்ட் ஆகிய வண்டிகளில் பவர்ஷிஃப்ட் என்ற டூயல் கிளட்ச் பெட்டியை வைத்தது. எகோஸ்போர்ட், நம் மறைமலை நகரில் தயாரான காம்பாக்ட் எஸ்யூவி. ஆஸ்திரேலியாவில் இந்தப் பெட்டி உதறுகிறது என்று நிறையப் புகார்கள் போயின. 2018 ஏப்ரலில் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டின் ஆஸ்திரேலியக் கிளைக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அபராதம் பெட்டி கெட்டுப்போனதற்கு அல்ல. புகார் சொன்னவர்களை நடத்திய விதத்துக்கு. பெட்டியில் குறை இருப்பது தெரிந்திருந்தும், நீங்கள் ஓட்டுகிற விதத்தால்தான் இப்படி ஆகிறது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி வந்திருக்கிறார்கள். மனசாட்சிக்கு ஒவ்வாத நடத்தை என்று பொருள்படும் சட்டச் சொல்லால் நீதிமன்றம் அதைக் குறித்தது.

சீனாவிலும் இதற்கு முன்பே ஒரு கதை நடந்தது. ஃபோக்ஸ்வாகன் 2013-ல் டூயல் கிளட்ச் பெட்டி பொருத்திய 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே வாரண்டியைப் பத்து வருஷத்துக்கு நீட்டியிருந்தது. குறை எல்லாக் கம்பெனிக்கும் வரும். அதன்பின் செலவு யாருடைய தலையில் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

‘டிரைவிங் ஸ்டைல்’ என்ற சொல்லை ஏன் இத்தனை ஊர்களில் கேட்க முடிகிறது என்று யோசித்திருக்கிறேன். ஓர் இயந்திரத்தை வடிவமைக்கும்போது, மனிதர்கள் அப்படி இப்படித்தான் ஓட்டுவார்கள் என்று கொஞ்சம் இடம் விட்டுவைப்பார்கள். அந்த இடத்துக்குக் காசு ஆகும். அதைக் குறைக்கக் குறைக்க, முன்பு இயந்திரம் பொறுத்துக்கொண்டிருந்த அதே மனித நடத்தை இப்போது தவறாக மாறிவிடுகிறது. மனிதர் மாறவில்லை. கோடு நகர்ந்துவிட்டது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேனுவல் காரில் கிளட்ச் நம் இடது காலுக்குக் கீழே இருந்தது. ஆஃப் கிளட்சில் ரொம்ப நேரம் பிடித்தால் கால் நடுங்கும், கருகின வாடை வரும். சித்தப்பாவின் காலுக்கு மலை என்னவென்று தெரியும். பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் டார்க் கன்வெர்ட்டர் இருந்தது. அதில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் திரவம் சுழலும். வழுக்கல் திரவத்தில் நடப்பதால், பிரேக்கை விட்டதும் வண்டி தானே ஊர்ந்து போகும், எதுவும் தேயாது. டூயல் கிளட்ச் வண்டியை அதேபோல ஊரும்படி மென்பொருள் எழுதியிருக்கிறார்கள், ஓட்டுபவருக்குப் பழகின உணர்வு வரட்டும் என்று. ஆனால் உள்ளே வழுக்குவது திரவம் அல்ல, தட்டு. ட்ரை கிளட்சில் அந்தத் தட்டின் சூட்டைச் சுமக்க எண்ணெயும் இல்லை.

அதாவது, கிளட்ச் பெடலை எடுத்துவிட்டார்கள், கிளட்சை எடுக்கவில்லை. கிளட்ச் இருப்பதை நமக்குச் சொல்கிற எல்லா அறிகுறியையும் எடுத்துவிட்டு, அது தேய்ந்ததும் நீதான் தேய்த்தாய் என்கிறார்கள். ஒருவரைப் பொறுப்பாளி ஆக்க வேண்டுமென்றால், தான் செய்வது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது அரிஸ்டாட்டிலிலிருந்து நம் பஞ்சாயத்துத் திண்ணை வரை ஒத்துக்கொண்ட விதி. அறிவை எடுத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் கொடுப்பது எந்தத் திண்ணையிலும் செல்லாது.

(ட்ரை கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: சரிவில் ஆக்சிலரேட்டரால் பிடிக்காதீர்கள், பிரேக்கை முழுக்க மிதியுங்கள், அப்போது கிளட்ச் விலகி ஓய்வெடுக்கும். முன்வண்டி நகர்ந்ததும் ஒட்டிக்கொண்டே ஊராமல், நாலு வண்டி இடம் விழட்டும் என்று நின்று, பிறகு ஒரேயடியாகப் போங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.)

*

எதிர்த்தரப்பின் வாதம் பலவீனமானதல்ல. வெட் கிளட்ச் சும்மா வருவதில்லை. விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே வாழ்நாள் முழுக்க சமதளத்தில் ஓட்டுகிற ஒருவர், தனக்குத் தேவையே இல்லாத எண்ணெயைச் சுற்றவைக்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் துளித்துளியாய்ப் பெட்ரோல் கொடுக்கிறார். லட்சம் வண்டிகளில் அந்தத் துளியைக் கூட்டினால் வருகிற புகை எல்லார் மூச்சிலும் போகும். மலைக்காரருக்காக அவர் ஏன் கொடுக்க வேண்டும்?

சில விஷயங்களில் நாம் கொடுக்கத்தான் செய்கிறோம். தென்காசியிலிருந்து தென்காசிக்கே தபால் போட்டாலும், காஷ்மீருக்குப் போட்டாலும் கவருக்கு ஒரே விலைதான். பக்கத்து ஊர்க்காரர் தூரத்து ஊர்க்காரருக்குக் கொஞ்சம் கொடுக்கிறார் என்பதே அதன் பொருள். 1904-ல் திறந்து, அகலப்பாதையாகி 2018-ல் மறுபடி திறந்த செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில், ரயிலுக்குப் பின்னால் பேங்கர் என்று இன்னொரு எஞ்சினையும் மாட்டித்தான் ஏற்றுகிறார்கள். நாட்டின் சராசரிச் சரிவு எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த மலை என்ன கேட்கிறதோ அதைக் கொடுக்கிறார்கள்.

ஆனால் கார் தபாலோ ரயிலோ அல்ல, தனியார் பொருள். எல்லாரும் வெட் கிளட்ச் தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சமதளக்காரருக்கு ட்ரை கிளட்ச் நல்ல தேர்வு. அவரவர் வாழ்கிற ரோட்டுக்கு ஏற்றதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் நியாயமான விடை. அந்த விடை செல்லுபடியாக வேண்டுமென்றால் ஒன்று நடந்திருக்க வேண்டும்: வாங்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

தமிழில் ஈரம் என்றால் அன்பு என்றும் பொருள். இன்சொல்லைப் பற்றிப் பேசுகிற இடத்தில் வள்ளுவரே அந்தப் பொருளில்தான் சொல்கிறார். ‘ஈரமில்லாத மனுசன்’ என்று ஊரில் திட்டுவதும் அதே ஈரம்தான். அதற்காக எண்ணெயில் கருணையைத் தேடிப்போனால் சொல் நம்மை ஏமாற்றிவிடும். எண்ணெய் வெறும் எண்ணெய். ஆனால் இரண்டுக்கும் வேலை ஒன்றுதான் என்று படுகிறது. உராய்வை இரண்டுமே நிறுத்துவதில்லை. ஓர் இடத்தில் சேர்ந்து எரிகிற சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல இடத்துக்குப் பகிர்ந்துவிடுகின்றன. அந்தப் பகிர்வுக்கு எப்போதும் ஒரு செலவு இருக்கும், அது எப்போதும் அளவுமானியில் வீண் என்றே காட்டும்.

சித்தப்பா போன மாதம் கேட்டார், அடுத்த வண்டி என்ன வாங்கலாம் என்று. இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே எழுதின மாதிரியே சொன்னேன். “வெட் எடுத்தா மைலேஜ் ஒண்ணு கொறையலாம், பரவாயில்லையா சித்தப்பா?”

“ஒரு கிலோமீட்டர்தானலே. அது மலைக்குக் குடுத்ததா இருக்கட்டும்” என்றார்.

அவர் அதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்துசேர அவருக்கு இரண்டு வருஷமும் ஒரு கிளட்சும் செலவாகியிருக்கிறது. விளம்பரப் புத்தகத்தில், அந்த மைலேஜ் எண்ணுக்குப் பக்கத்தில், ஒரு வரி போதுமாயிருந்திருக்கும்.